பழைய ஃபிலிம் கேமராவை விற்கும் முன் அதன் மதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அலமாரியிலிருந்து பழைய கேமரா ஒன்று வெளியே வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, அதன் மேல் பொறித்திருக்கும் பெயரை இணையத்தில் தட்டிப் பார்ப்பதுதான். யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விலை போட்டிருப்பார். அந்த எண் மனதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் நியாயமான விலை எல்லாம் ஏமாற்று வேலையாகவே தெரியும்.

விலை தேடுவது இந்த வேலையில் பின்னால் வரவேண்டிய படி. கையில் இருப்பது சரியாக எந்த மாடல், எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது தெரியாமல் தேடினால் வேறு யாருடைய கேமராவுக்கோ விலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு கேமராவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சின்ன எல்இடி டார்ச், மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கக்கூடிய செல்பேசி, ரப்பர் ஊதுபந்து, காதுக்குச்சி, கொஞ்சம் வினிகர், நாணயம் ஒன்று (பேட்டரி மூடிகள் பெரும்பாலும் நாணயத்தால் திறப்பவை), புதிய பேட்டரி, குறிப்பு எழுத ஒரு தாள். மேசை மேல் வெளிர்நிறத் துணி விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழும் சின்னத் திருகு அப்போதுதான் கண்ணில் படும்.

ஸ்குரூடிரைவர் வேண்டாம். மதிப்பிடும் வேலையில் எதையும் கழற்றத் தேவையில்லை. முனை கீறப்பட்ட திருகுகளைப் பார்த்தாலே, பழக்கமில்லாத யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

2. உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பின்மூடியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. உள்ளே எடுத்து முடித்த ஃபிலிம் இருந்து, நீங்கள் திறந்துவிட்டால், வெளிச்சம் பட்ட பகுதி போனது போனதுதான். கேமராவின் விலையைவிட அந்தப் படங்கள் குடும்பத்துக்குப் பெரிதாக இருக்கலாம்.

35 மி.மீ. கேமராவில் இடப்பக்க ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லை. இறுக்கம் தெரிந்தால் ஃபிலிம் இருக்கிறது. குமிழை மேலே தூக்காதீர்கள். பல எஸ்எல்ஆர் கேமராக்களில் (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடி மூலம் காட்டுபவை) அதை முழுவதும் தூக்கினால் பின்மூடி திறந்துகொள்ளும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

ஃபிலிம் இருந்தால், அடித்தட்டில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திவிட்டுக் குமிழைச் சுற்றுங்கள். இறுக்கம் விட்டுத் தளர்ந்ததும் திறக்கலாம். 120 ஃபிலிம் (35 மி.மீ.-ஐவிட அகலமான, தாள் முதுகோடு வரும் ஃபிலிம்) கேமராக்களில் பின்னோக்கிச் சுற்றும் வேலை கிடையாது. முன்னோக்கியே முழுவதும் சுற்றி முடித்துவிட்டுத் திறக்க வேண்டும். தானியங்கி காம்பாக்ட் கேமராக்களில் பின்னால் உள்ள சிறு கண்ணாடிச் சாளரத்திலேயே ஃபிலிம் உருளை தெரியும். பேட்டரி போட்டு ரீவைண்ட் பொத்தானை அழுத்தினால் அதுவே சுற்றிக்கொள்ளும்.

3. துடைத்து மெருகேற்றாதீர்கள்

தூசியை ஊதிவிடுங்கள், வெளிப்புறத்தை உலர்ந்த மென்துணியால் ஒருமுறை துடையுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எஸ்எல்ஆரின் உள்ளே இருக்கும் கண்ணாடியில் விரல் படக்கூடாது. அதன் வெள்ளிப்பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால் ஒரு துடைப்பே கீறலாகிவிடும். வெளிச்சத்தை ஒரு கணம் உள்ளே விட்டு மூடும் ஷட்டர் திரையையும் தொடவேண்டாம். பித்தளை தெரியும்படி தேய்ந்த கறுப்பு பெயின்டை மறுபடி பூசவே பூசாதீர்கள். சேகரிப்பவர்கள் அந்தத் தேய்மானத்துக்கே கூடுதலாகக் கொடுப்பதுண்டு. எல்லாவற்றையும்விட மோசமானது, இறுகிய லீவரில் எண்ணெய் தெளிப்பது. அந்த எண்ணெய் ஊர்ந்து ஷட்டர் இலைகளுக்கும் அபர்ச்சர் (லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் துளை) இலைகளுக்கும் போய்ச் சேர்ந்து, சின்னக் கோளாறைப் பெரிய செலவாக்கிவிடும்.

4. மாடலின் முழுப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

‘நிக்கான்’, ‘லைக்கா’ என்பவை நிறுவனப் பெயர்கள். விலை தேட அவை போதாது. மேல்தட்டு, முன்பக்கம், அடித்தட்டு, பின்மூடியின் உட்பக்கம், லென்ஸின் முன்வளையம் என்று ஐந்து இடங்களிலும் எழுதியிருப்பதை எழுத்து பிசகாமல் தாளில் குறியுங்கள். ஓர் எழுத்தோ எண்ணோ கூடினால் விலை மாறும்.

நிக்கான் எஃப்எம்2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் சீரியல் எண்ணுக்கு முன்னால் ‘என்’ எழுத்து இருந்தால் அது பிற்கால எஃப்எம்2என். டைட்டானியம் உடல் கொண்ட எஃப்எம்2/டி இன்னும் வேறு வகை, வேறு விலை. ஒலிம்பஸ் மியூ-2-இல் இருப்பது எஃப்/2.8 வெளிச்ச அளவுள்ள நிலையான 35 மி.மீ. லென்ஸ். தோற்றத்தில் அதன் உடன்பிறப்பு போல இருக்கும் ஜூம் மாடல்கள் அதைவிட வெகு மலிவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை சொல்பவர்கள் ஏராளம்.

ஒரே கேமரா வெவ்வேறு சந்தைகளில் வெவ்வேறு பெயரில் விற்றிருப்பதையும் நினைவில் வையுங்கள். மினோல்டா எக்ஸ்டி-11, எக்ஸ்டி-7, எக்ஸ்டி மூன்றும் ஒன்றே. மியூ-2 அமெரிக்காவில் ‘ஸ்டைலஸ் எபிக்’. கேனன் இஓஎஸ் 300 இன்னொரு சந்தையில் ‘ரெபல் 2000’, ஜப்பானில் ‘கிஸ் 3’. எல்லாப் பெயரிலும் தேடினால்தான் ஒப்பிடப் போதுமான விற்பனைகள் கிடைக்கும்.

சீரியல் எண் தயாரித்த காலத்தைச் சொல்லும். நிக்கான் எஃப் 1959-இல் 64 என்று தொடங்கும் எண்களோடு வந்தது. அந்தத் தொடக்க எண்களைச் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். லைக்கா எம்3 1954-இல் 700000-இலிருந்து தொடங்கியது. ஹாசல்பிளாடில் எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளே ஆண்டு: வி=1, எச்=2, பி=3, ஐ=4, சி=5, டி=6, யு=7, ஆர்=8, இ=9, எஸ்=0. ‘யுஐ’ என்றிருந்தால் 1974. ஹாசல்பிளாடின் பின்னால் கழற்றி மாட்டும் ஃபிலிம் பெட்டியின் உள்பகுதியிலும் வெளிக்கூட்டிலும் உள்ள கடைசி மூன்று இலக்கங்கள் ஒன்றாக இருக்கவேண்டும். பொருந்தாத ஜோடி வேலை செய்யலாம், ஆனால் விலை இறங்கும்.

5. எந்த ஃபிலிம் போடும் கேமரா என்று பிரித்துவிடுங்கள்

இந்தப் படியில் பாதிக் கேமராக்களின் கதை முடிந்துவிடும். இன்றும் தாராளமாகக் கிடைப்பவை 35 மி.மீ., 120 ஃபிலிம்கள். அவற்றைப் போட்டுப் படம் எடுக்க முடிகிற கேமராவுக்கு, சேகரிப்பவர், படமெடுப்பவர் என்று இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு. மற்றவற்றுக்குச் சேகரிப்பவர் மட்டுமே.

620 என்பது 120 ஃபிலிமேதான், உருளை மட்டும் மெலிது. மாற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம் என்பதால் கொஞ்சம் மதிப்பு மிஞ்சுகிறது. 126 கார்ட்ரிட்ஜ், டிஸ்க் வகைகளை அலங்காரப் பொருளாகவே கணக்கிடுங்கள். 1990-களில் வந்த ஏபிஎஸ் என்ற கார்ட்ரிட்ஜ் ஃபிலிமின் தயாரிப்பு 2011-இல் நின்றது. போலராய்டில் பிரித்துப் பாருங்கள்: 1972-இல் வந்த மடக்கும் எஸ்எக்ஸ்-70-க்கு இன்றும் ஃபிலிம் உண்டு, விலையும் உண்டு. உரித்தெடுக்கும் வகை பேக் ஃபிலிம் கேமராக்களுக்குக் கடைசியாகத் துணைநின்ற ஃபூஜி எஃப்பி-100சி 2016-இல் நிறுத்தப்பட்டது.

நூறு வயதான பெட்டிக் கேமரா என்று பரவசப்பட வேண்டாம். கோடாக் பிரௌனி போன்றவை லட்சக்கணக்கில் விற்றவை. இன்றும் எங்கும் கிடப்பவை. 1990-களில் வந்த பிளாஸ்டிக் காம்பாக்ட் ஒன்று அதைவிடப் பல மடங்கு போவது சகஜம்.

6. லென்ஸைத் தனிப் பொருளாகப் பாருங்கள்

லென்ஸ் கழற்றக்கூடியதாக இருந்தால் அதற்குத் தனி வரி எழுதுங்கள்: நிறுவனம், குவியத் தூரம், அதிகபட்ச அபர்ச்சர், சீரியல் எண், பொருத்தும் முறை. மிரர்லெஸ் (உள்கண்ணாடி இல்லாத) டிஜிட்டல் கேமராக்களில் அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸ்களை மாட்ட முடிவதால், பாடியைவிட (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) லென்ஸுக்கு விலை அதிகமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. எஃப் எண் சிறிதானால் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் அதிகம்; எஃப்/1.2, எஃப்/1.4 லென்ஸ்களை எஃப்/1.8-ஓடு ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். 35–70 போன்ற மலிவு ஜூம்கள் பெரும்பாலும் கணக்கில் சேராது.

இரட்டை லென்ஸ் ரோலைஃபிளெக்ஸில் படம் எடுப்பது கீழ் லென்ஸ். அதில் ‘பிளானார்’ அல்லது ‘க்ஸெனோட்டார்’ என்றிருந்தால் மதிப்பில் மேல் அடுக்கு. ‘டெஸ்ஸார்’, ‘க்ஸெனார்’ என்றால் அடுத்த அடுக்கு. பென்டாக்ஸின் 50 மி.மீ. எஃப்/1.4 சூப்பர்-டாகுமாரில் எட்டு கண்ணாடிகள் கொண்ட தொடக்க வகையின் பின்கண்ணாடி நன்றாகப் புடைத்து வெளியே நிற்கும். ஏழு கண்ணாடி வகையைவிட அதற்கு மதிப்பு கூடுதல்.

7. பேட்டரி: ‘செத்துப்போன’ கேமராக்களில் பல இங்கேயே உயிர் பெறும்

பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், காதுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள். அரிப்பு மின்கம்பி வழியே உள்ளே ஊர்ந்திருக்கவும் கூடும். அதனால் துடைத்த பிறகும் வேலை செய்யாவிட்டால் ‘மின் பகுதி பழுது’ என்றே குறியுங்கள்.

சரியான மின்னழுத்தம் முக்கியம். பென்டாக்ஸ் கே1000-க்கு எல்ஆர்44 ஒன்று. நிக்கான் எஃப்எம் வரிசைக்கும் லைக்கா எம்6-க்கும் அதே வகையில் இரண்டு. கேனன் ஏஇ-1-க்கு 6 வோல்ட் பேட்டரி. அது இல்லாமல் ஷட்டர் அசையாது. பேட்டரி இல்லாத ஏஇ-1-ஐ ‘ஓடவில்லை’ என்று உதிரிபாக விலைக்கு விற்றுவிடுகிறார்கள், வாங்கியவர் பேட்டரி போட்டு மறுவாரமே நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறார். கே1000, எஃப்எம்2 போன்றவற்றில் ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடுகிறது. அங்கே பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்.

ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்-டி, கேனனெட் கியூஎல்17 ஆகியவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் பிசகிக் காட்டும், ஆனால் ‘முள் அசைகிறதா’ என்று பார்க்க அது போதும். அளவு சரியாக வேண்டுமென்றால் காதுகேட்கும் கருவிக்கான ஸிங்க்-ஏர் பேட்டரியை அடாப்டரோடு போடுங்கள். உள்ளே பழைய பாதரச பேட்டரி இருந்தால் குப்பையில் எறியாமல் அபாயக் கழிவாகக் கொடுங்கள். பேட்டரி மூடியைத் தொலைக்காமல் உடனே திரும்ப மாட்டுங்கள். அந்தச் சின்ன மூடி இல்லாமல் விலை குறைந்த கேமராக்கள் எத்தனையோ.

ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்கு பேட்டரியே கிடையாது, லென்ஸைச் சுற்றியுள்ள செலீனியம் வளையம்தான் வெளிச்சம் பட்டு மின்சாரம் தருகிறது. லென்ஸைக் கையால் மூடி ஷட்டர் பொத்தானை அழுத்தினால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் சாதாரணமாக அடிக்க வேண்டும். இருட்டிலும் வெளிச்சத்திலும் கொடி எழுந்தால் செலீனியம் போய்விட்டது.

8. ஷட்டரைச் சோதியுங்கள்

பின்மூடியைத் திறந்து, முன்னால் பிரகாசமான ஜன்னலைப் பார்க்கும்படி வைத்து, பின்னாலிருந்து பாருங்கள். மிக மெதுவான வேகத்திலிருந்து தொடங்குங்கள். பழைய கிரீஸ் இறுகினால் முதலில் இழுபடுவது 1 விநாடி, 1/2, 1/4 வேகங்கள். 1 விநாடியில் நடுவே நின்று முனகினால் ‘மெதுவான வேகங்கள் ஒட்டுகின்றன’ என்று எழுதுங்கள். முன்னால் ஷட்டர் இலைகள் கொண்ட மடக்குக் கேமராக்களிலும் இரட்டை லென்ஸ் கேமராக்களிலும் இது மிகச் சாதாரணம்.

துல்லியம் பார்க்க, செல்பேசியில் விநாடிக்கு 240 படம் என்ற வேகத்தில் வீடியோ எடுத்து, வெளிச்சம் தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். 1/30-க்கு 8 பிரேம், 1/60-க்கு 4 பிரேம் வரவேண்டும். 1/30-க்கு 12 வந்தால் ஷட்டர் அரை ஸ்டாப்புக்கு மேல் மெதுவாக ஓடுகிறது (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). 1/125-க்கு மேல் இந்த முறை நம்பத்தக்கதல்ல. மிக வேகமான அளவில் ஒன்றை மட்டும் பாருங்கள்: வெளிச்சக் கீற்று சட்டகம் முழுவதும் ஓடுகிறதா? ஒரு பக்கம் எப்போதும் இருட்டாகவே இருந்தால், ஷட்டரின் இரண்டு திரைகளில் ஒன்று மற்றதை எட்டிப் பிடித்துவிடுகிறது; எடுத்த படத்தில் அந்தப் பக்கம் கறுத்து வரும்.

துணித்திரை கொண்ட கேமராவில் இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, முன்னால் டார்ச்சைப் பிடித்துத் திரையைப் பின்னாலிருந்து பாருங்கள். நட்சத்திரம் போல் புள்ளிகள் தெரிந்தால் ஊசித்துளைகள் இருக்கின்றன. மடக்குக் கேமராவின் பெல்லோஸிலும் (லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புக்கூடு) இதே சோதனை. துளைகள் மூலை மடிப்புகளில்தான் முதலில் விழும்.

இரண்டு எச்சரிக்கைகள். செல்ஃப் டைமரை இயக்கிப் பார்க்காதீர்கள். வருடக்கணக்கில் சும்மா இருந்த பொறி பாதியில் நின்று ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஹாசல்பிளாடில் பாடியும் லென்ஸும் இரண்டுமே இழுத்துவைத்த நிலையில் இல்லாமல் லென்ஸைக் கழற்றவும் மாட்டவும் முயலாதீர்கள்.

கேனன் ஏஇ-1-இல் கிளிக் செய்யும்போது கீச்சென்று இருமுவதுபோல் ஒரு சத்தம் வந்தால், கண்ணாடியை இயக்கும் பற்சக்கரம் வறண்டிருக்கிறது. பழுதுபார்ப்பவருக்கு இது அத்துப்படி. மறைக்காமல் எழுதினால் பெரிய இழப்பு இல்லை.

9. மீட்டர், வியூஃபைண்டர், ஸ்பாஞ்சு

மீட்டரைச் செல்பேசியின் லைட் மீட்டர் செயலியோடு ஒப்பிடுங்கள்: ஒரே சுவர், ஒரே ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு அளவு). ஒரு ஸ்டாப்புக்குள் இருந்தால் ‘சரி’. வெயிலில் சரியாக, நிழலில் தாறுமாறாகக் காட்டினால் அது கோளாறுதான். அதனால் இரண்டு இடத்தில் பாருங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (இரண்டு உருவங்களை ஒன்றாக்கிக் குவியம் பார்ப்பது) லென்ஸை முடிவிலியில் வைத்து நிலாவையோ தொலைவிலுள்ள கோபுரத்தையோ பாருங்கள். இரட்டை உருவங்கள் ஒன்றாக வேண்டும். லைக்கா எம்3-இல் வியூஃபைண்டர் கறுத்திருந்தால், கீழே விழுந்த அதிர்ச்சியில் உள்ளிருக்கும் முப்பட்டகத்தின் ஒட்டு விட்டிருக்கலாம். இந்தப் பழுது விலையை ஆழமாக வெட்டும். ஒலிம்பஸ் ஓஎம்-1-இல் கறைகள் தெரிந்தால் முப்பட்டகத்தைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சு உருகி வெள்ளிப்பூச்சை அரித்திருக்கிறது.

பின்மூடி விளிம்பில் கறுப்பு ஸ்பாஞ்சு பிசுபிசுவென்று உருகியிருப்பது வயதின் இயல்பு. அதைச் சுரண்டாதீர்கள், துகள் ஷட்டருக்குள் போகும். ‘ஒளித்தடுப்பு ஸ்பாஞ்சு மாற்ற வேண்டும்’ என்ற ஒரு வரி போதும்.

எலக்ட்ரானிக் காம்பாக்ட்களில் எல்சிடி எழுத்துகள் எல்லாம் தெரிகின்றனவா, ஃபிளாஷ் அடிக்கிறதா, லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று மூன்று முறை பாருங்கள். லைக்கா மினிலக்ஸில் ‘இ02’ என்று வந்தால் அது பேர்பெற்ற கம்பிக் கோளாறு. இந்த வகைக் கேமராக்களுக்கு உதிரிபாகம் அரிது என்பதால், ஓடுகிற ஒன்றுக்கும் ஓடாத ஒன்றுக்கும் நடுவே விலையே கிடையாது. மலை, அல்லது மடு.

10. டார்ச் சோதனை

லென்ஸின் அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். பிறகு திருப்பிப் போட்டு அதையே செய்யுங்கள். சாதாரண வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியும் லென்ஸ்களில் பாதி, இந்தச் சோதனையில் தன் வயதைக் காட்டிவிடும்.

தூசி எல்லாவற்றிலும் இருக்கும், பொருட்டில்லை. வேர் போலவோ சிலந்தி வலை போலவோ கிளைத்திருந்தால் பூஞ்சை. பாலாடை படிந்ததுபோல் இருந்தால் மங்கல். விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருக்கிறது. இதைச் சரிசெய்வது கடினம், விலை தரைமட்டம். உள்விளிம்பில் வெண்புள்ளிகள் வரிசையாக இருந்தால் கறுப்புப் பூச்சு உரிகிறது. படத்தைப் பாதிக்காது, ஆனால் ஷ்னைடர், ரோலை லென்ஸ் வாங்குபவர் இதைக் கட்டாயம் கேட்பார். பின்கண்ணாடியில் உள்ள கீறல் முன்கண்ணாடிக் கீறலைவிடப் படத்தைக் கெடுக்கும்.

கண்ணாடி தேநீர் நிறத்தில் மஞ்சளாக இருந்தால் பதறவேண்டாம். ஏழு கண்ணாடி சூப்பர்-டாகுமார் போன்றவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி நாளடைவில் இப்படி நிறம் மாறும். புற ஊதா வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் பெருமளவு தெளியும்.

அபர்ச்சர் இலைகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, சட்டென்று மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி அபர்ச்சர் லென்ஸில் எண்ணெய் ஒரு கோளாறு. ஹீலியோஸ் 44-2 போல் கையால் முன்னமைக்கும் லென்ஸில் இலைகள் விரைந்து மூட வேண்டியதில்லை, அதனால் அவ்வளவு தொல்லை இல்லை.

11. நிலையை நான்கு வரியில் எழுதுங்கள்

‘நன்றாக இருக்கிறது’ என்பது நிலை அல்ல. வெளித்தோற்றம், இயக்கம், லென்ஸ், கூட இருப்பவை என்று நான்கு வரி. எடுத்துக்காட்டாக: ‘அடித்தட்டில் ஒரு பள்ளம். எல்லா வேகமும் ஓடுகிறது, மீட்டர் அரை ஸ்டாப் கூடுதல். லென்ஸில் பூஞ்சை இல்லை, லேசான தூசி. மூடி உண்டு, பெட்டி இல்லை.’

கூட இருப்பவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். அசல் லென்ஸ் ஹூட், தனி வியூஃபைண்டர், 120 கேமராவின் காலி உருளை, அசல் பெட்டி, கையேடு எல்லாமே கணக்கு. தோல் உறை மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலும் விலை ஏற்றாது, ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வளர்க்கும். கேமராவை அதிலிருந்து இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

12. இப்போதுதான் விலை: விற்றதை மட்டும் பாருங்கள்

ஈபேயில் முழு மாடல் பெயரைத் தேடி, ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போடுங்கள். கடந்த 90 நாள் விற்பனைகள் வரும். வடிகட்டி இல்லாமல் தெரிவது கேட்கும் விலை. பல மாதமாக யாரும் வாங்காமல் கிடப்பதும் அதில்தான் இருக்கும்.

விலை கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தால், பேரம் பேசி அதைவிடக் குறைவாக விற்றிருக்கிறார்கள் என்று பொருள். அந்த எண்ணைச் சேர்க்காதீர்கள். ‘கிட்டத்தட்ட புதிது’ போன்ற தலைப்புகளையும் நம்பாமல் படங்களைத் திறந்து, உங்கள் நான்கு வரியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பாடி மட்டுமா, லென்ஸோடா, எந்த லென்ஸ் என்று பிரியுங்கள்.

பொருந்தும் ஒன்பது பத்து விற்பனைகளை வரிசையாக எழுதி நடுவில் வருவதை எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள். காரணம் இதோ: 62, 70, 74, 78, 80, 84, 88, 95, 160. நடு எண் 80. சராசரி ஏறக்குறைய 88. பெட்டியோடு விற்ற ஒரே ஒரு 160 மொத்தத்தையும் மேலே இழுத்துவிட்டது.

மூன்று விற்பனைகூடக் கிடைக்கவில்லையா? அது அரிதான பொருளாகவும் இருக்கலாம், யாருக்கும் வேண்டாத பொருளாகவும் இருக்கலாம். அதே மாடல் பல மாதமாக விற்காமல் நிறையக் கிடந்தால் இரண்டாவது. ஒன்றுமே இல்லையென்றால் கேமரா ஏலம் நடத்தும் நிறுவனத்துக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள். ஆனால் ஏலச் செய்திகளை அளவுகோலாக வைக்காதீர்கள். 2022-இல் 1.44 கோடி யூரோவுக்குப் போனது லைக்கா 0-வரிசையில் 105-ஆம் எண். லைக்காவை வடிவமைத்த ஆஸ்கார் பர்னாக் சொந்தமாக வைத்திருந்தது. உங்கள் எம்3-க்கும் அதற்கும் உறவு, பெயரோடு சரி.

13. ‘லைக்கா’ என்றால் ஒருமுறை சந்தேகப்படுங்கள்

தங்க நிறம், மரப்போர்வை, இராணுவ முத்திரை, கழுகுச் சின்னம் என்று ஜோடித்திருக்கும் பழைய லைக்காக்களில் பெரும்பாலானவை, சோவியத் ஃபெட் அல்லது ஸோர்கி கேமராவின் மேல் புதிய பெயர் பொறித்தவை. லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரை இயக்கும் கையின் நுனியில் அசல் லைக்காவில் உருளும் வட்டச் சக்கரம் இருக்கும். ஃபெட், ஸோர்கியில் அது ஆப்பு போன்ற உலோக நாக்கு.

அசல் லைக்காவிலும் கறுப்பு பெயின்ட் வகைக்கு விலை கூடுதல் என்பதால், வெள்ளிநிறத்தைக் கறுப்பாக்கியவை சுற்றிக்கொண்டிருக்கின்றன. சீரியல் எண் கறுப்பில் வந்த தொகுதிக்குள் விழுகிறதா என்று பார்த்த பிறகே ‘அசல் கறுப்பு’ என்று எழுதுங்கள்.

14. பழுதுபார்த்து விற்பதா, அப்படியேவா

பொதுவாக அப்படியே விற்பதே லாபம். முழு சர்வீஸ் செலவு, நடுத்தரக் கேமராவின் விலையையே விழுங்கிவிடும். விதிவிலக்கு லைக்கா எம், ஹாசல்பிளாட், நல்ல ரோலைஃபிளெக்ஸ் போன்றவை. அவற்றில் அண்மையில் சர்வீஸ் செய்த ரசீதே விலையை ஏற்றும். செலவு செய்யத் தகுந்த இன்னொன்று ஒரு ரோல் ஃபிலிம். படம் எடுத்துக் கழுவி, நாலு மாதிரிப் படத்தை விளம்பரத்தில் காட்டினால் ‘சோதிக்கவில்லை’ என்ற சொல் போய்விடும். அந்தச் சொல்லை வாங்குபவர்கள் ‘ஓடாது’ என்றே படிக்கிறார்கள்.

15. கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுங்கள்

நடு விலை 80 என்று வைத்துக்கொள்வோம். தளக் கட்டணம் 10, பெட்டி கட்டிக் காப்பீட்டோடு அனுப்ப 8 என்றால் மிஞ்சுவது 62. திரும்பி வரும் ஆபத்தும் உங்களுடையது. ஒரு கடை 45 கொடுத்தால் அதை 80-ஓடு ஒப்பிட்டுக் கோபப்படாதீர்கள், 62-ஓடு ஒப்பிடுங்கள். கடைக்காரர் சோதித்து, உத்தரவாதம் கொடுத்து, விற்கும்வரை பணத்தை முடக்க வேண்டும். அந்த 17-க்காக நீங்கள் படம் எடுத்து, கேள்விக்குப் பதில் சொல்லி, பார்சல் கட்டத் தயாரா என்பதே முடிவு செய்ய வேண்டியது.

கடைகளில் விலை கேட்கும்போது குறைந்தது மூன்று இடத்தில், ஒரே நாளில், ஒரே படங்களோடு கேளுங்கள். முன், பின், மேல், அடி, பின்மூடி திறந்தது, சீரியல் எண், டார்ச் வெளிச்சத்தில் லென்ஸ், பேட்டரி அறை என்று எட்டுப் படம். நான்கு வரி நிலைக்குறிப்பையும் இணையுங்கள். படம் தெளிவில்லாவிட்டால் கடைக்காரர் மோசமான நிலை என்று வைத்தே விலை சொல்வார்.

பை நிறைய இருந்தால் மொத்தமாக ஒரு விலை, உருப்படி வாரியாக ஒரு விலை என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மொத்த விலை சொல்பவர் அந்தப் பையில் எதற்காக வாங்குகிறார் என்பது, உருப்படி விலைப்பட்டியலில் அவர் தயங்குகிற இடத்தில் தெரிந்துவிடும்.